தாழ்ந்தவரும் தாழ்த்தப்பட்டவரும்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள காலனிகளில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கும். மூங்கில் சிம்பு, கலர் பேப்பர், உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. கோயில் உள்ள ஊர்களில் பிள்ளைகள் வைக்கோலுக்கும் சாக்குக்கும் அலைந்து குடில் கட்டுவார்கள். நள்ளிரவுப் பூசையில் பங்குசாமியார் பிரசங்கம் வைப்பார். வருசா வருசம் ஒரே பிரசங்கம்தான்: சர்வ வல்லவரான கடவுள் மாட்டுத்தொட்டியில் பிறந்தார், எவ்வளவு தாழ்மை பாருங்கள், நீங்களும் தாழ்மையாக இருங்கள்.

அப்படி ஒரு பிரசங்கம் முடிந்த ராத்திரி, வெளியே குளிரில் முக்காடு போட்டுக்கொண்டு நின்ற ஓர் ஆயா சாமியாரிடம் கேட்டதை நம்மால் மறக்க முடியவில்லை. "அவரு மேல இருந்தாரு, கீழ எறங்கி வந்தாரு. சரி சாமி. எங்கள எங்க எறங்கச் சொல்றீங்க? எங்களுக்குக் கீழ எடம் எங்க இருக்குது?"

சாமியார் சிரித்துவிட்டு ஆயாவின் தலையில் கைவைத்து ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார். ஆயாவின் கேள்வி அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. இந்தத் தலையங்கம் அந்தக் கேள்விக்குத்தான்.

சிலர் கேட்பார்கள். விடுதலை பேசுகிற பத்திரிகைக்குக் குடிலும் நட்சத்திரமும் எதற்கு, அதெல்லாம் சாமியார்கள் சமாச்சாரமாயிற்றே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு: நாட்டிலுள்ள ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். நம்ம சனத்தில் இத்தனை பேர் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்து, இந்தக் கதையைக் கேட்டபடி செத்துப்போகிறார்கள். ஒரு கதை நம் ஆட்களைக் குனிய வைக்கிறதா நிமிர வைக்கிறதா என்பது நாம் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய விசயம் அல்ல. கதையை எதிராளியிடம் விட்டுக்கொடுப்பதும் ஒருவகைத் தோல்விதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'தாழ்' என்று ஒரு வினை. கடவுள் தாழ்ந்தார் என்கிறார்கள். நாம் தாழ்த்தப்பட்டோம் என்கிறோம். ஒரே வேர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தாழ்வது தன்வினை. தாழ்கிறவன் தானே இறங்குகிறான், இறங்காமல் இருக்கவும் அவனால் முடியும். தாழ்த்துவது பிறவினை. அங்கே இறக்குகிறவன் ஒருவன் இருக்கிறான். 'தாழ்த்தப்பட்டோர்' என்று சொல்லும்போது அந்த 'ஒருவன்' வாக்கியத்தில் மறைந்து கொள்கிறான். எழுவாயே இல்லாத குற்றம்! நூற்றாண்டு காலமாக அரசாணைகளிலும் ஞாயிறு பிரசங்கங்களிலும் அவன் பேரைச் சொல்லாமலே காரியம் நடக்கிறது.

தாழ்மை என்பது உயரத்தில் இருக்கிறவனுக்கு உள்ள அறம். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கடவுளுக்குச் சமமாக இருந்தவர் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டிருக்காமல் தன்னை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார் என்பதுதான் அங்கே வாதம். விடுவதற்குக் கையில் ஏதாவது இருக்கிறவனிடம் பேசுகிற வாதம் அது. நிலம், பதவி, ஊர்த்தெரு, கோயில் நடுவாசல், கல்லறையில் நல்ல இடம் எல்லாம் வைத்திருக்கிறவனிடம் 'இறங்கி வா' என்று சொல்கிற வாதம். அதை எடுத்து அடிமையிடமே திருப்பி, 'நீயும் அடிமையாக இரு' என்று சொன்னால் அது நற்செய்தி ஆகாது. பண்ணையார் சொல்லுக்குச் சாம்பிராணி போடுவதுதான்.

கதையையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லூக்கா எழுதிய பிறப்புக் கதையில் 'தொழுவம்' என்ற சொல்லே இல்லை. மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி மட்டும்தான் இருக்கிறது. 'சத்திரம்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கட்டாலுமா'. இதே லூக்கா, இயேசு கடைசி இராப்போசனம் உண்ட வீட்டு அறைக்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அதாவது, விருந்தாளி தங்குகிற அறை. அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்து ஏழைக் குடியானவன் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மனுசர் என்பதையும் சேர்த்துப் பார்த்து, விருந்தறையில் இடமில்லாததால் மாடு கட்டுகிற பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தினார்கள் என்று வேதாகம அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள்.

இது நமக்கு ஆச்சரியமான சேதியா என்ன? அடைமழைக்கு ஆட்டையும் கன்னுக்குட்டியையும் வீட்டுக்குள்ளே கட்டிவிட்டு, அதன் மூச்சுச் சூட்டிலே பிள்ளைகளைப் படுக்கவைத்த வீடுகள் நம்ம வீடுகள். கோமிய வாடையும் தாய்ப்பால் வாடையும் கலந்த அந்த இருட்டு நமக்குப் புதுசு இல்லை. பிரசங்கியார் 'அய்யோ, எவ்வளவு கேவலமான இடத்தில் பிறந்தார்!' என்று உருகும்போது, எந்த இடத்தைக் கேவலம் என்கிறார்? எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறவனின் வீட்டைத்தான்! கடவுளின் தாழ்மையைப் புகழ்கிற சாக்கில் நம் வீட்டை அசிங்கம் என்று சொல்கிறார்கள். மாட்டோடு பிறந்து, மாட்டோடு உழைத்து, செத்த மாட்டை உரித்துத் தின்று, அதன் தோலைப் பறையாக்கி அடித்த சனத்துக்குத் தீவனத்தொட்டி அசிங்கமான பொருள் இல்லை. அது ஒரு வீட்டுச் சாமான். கடவுள் அங்கே பிறந்தார் என்றால் அசிங்கத்தில் விழுந்தார் என்று அர்த்தமில்லை, சொந்த வீட்டில் பிறந்தார் என்று அர்த்தம்.

இன்னொன்று. பிள்ளை பிறந்த பிறகு கோயிலுக்குப் போய் அந்தத் தாய் கொடுத்த காணிக்கை ஒரு சோடிப் புறா. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்கள் புறா கொடுக்கலாம் என்பது லேவியராகமச் சட்டம். சேதி முதலில் போனது ராத்திரியில் வயக்காட்டில் கிடந்த மேய்ப்பர்களுக்கு. நம்ம பக்கத்தில் ராத்திரியில் காட்டிலும் கழனியிலும் கிடக்கிறவர்கள் யார்? இருளர்கள். எங்கே களவு போனாலும் முதலில் தூக்கிக்கொண்டு போவது அவர்களைத்தான். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு 1990களிலிருந்து இயங்கிவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி பொய் வழக்குகளை எதிர்த்த வேலைதான். லூக்காவின் தேவதூதன் நம்ம பக்கம் வந்திருந்தால் செங்கல் சூளைக்கும் மரக்காணம் உப்பளத்துக்கும்தான் போயிருப்பான். பேராயர் இல்லத்துக்குப் போயிருக்க மாட்டான்.

பிள்ளை பிறக்குமுன்னே அந்தத் தாய் பாடிய பாட்டின் சாரம், வலியவர்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுவார்கள், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவார்கள் என்பது. பாருங்கள், கதையில் இரண்டு அசைவு இருக்கிறது. மேலே உள்ளது இறங்குகிறது, கீழே உள்ளது ஏறுகிறது. பிரசங்கத்தில் முதல் அசைவு மட்டும்தான் வரும். இரண்டாவதைச் சாமர்த்தியமாக விழுங்கிவிடுவார்கள்.

சரி, இந்த மண்ணில் திருச்சபை எந்தத் திசையில் நடந்தது? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமண சன்னியாசி வேடம் கட்டினார். கீழே பிறந்த கடவுளைச் சொல்ல வந்தவர் மேலே ஏறி உட்கார்ந்தார். அந்த வேடம் நிற்க வேண்டுமானால் சேரிக்குள் கால் வைக்கக்கூடாது. நம் சனத்துக்குத் தனிக் குருமார்கள், தனி இடம் என்று ஏற்பாடாயிற்று. புதுச்சேரிக்கு வந்த ரோமாபுரியின் பிரதிநிதி தூர்னோன் 1704-ல் ஓர் ஆணை போட்டார். சேரியில் நோயாளி சாகக்கிடந்தாலும் குருமார்கள் அவன் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுப்பதில்லை என்பது அவர் கண்டித்த வழக்கங்களில் ஒன்று. நினைத்துப் பாருங்கள் தோழர்களே, விண்ணிலிருந்து கடவுள் இறங்கி வந்தார் என்று சொல்கிறவர்களை, பத்தடி நடந்து ஒரு குடிசைக்குள் குனிந்து போகச் சொல்ல ரோமிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது! அதற்கும் படியவில்லை. தகராறு நாற்பது வருசம் இழுத்தது. 1744-ல் போப்பு பதினான்காம் பெனடிக்ட் முடிவான ஆணை பிறப்பித்தார். மறுவருசம், 1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுக்குள் நம்மவர்களைத் தனியே அடைத்து வைத்த குறுக்குச் சுவர் பற்றிக் கலகம் மூண்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம்ம சனம் திரண்டு போய் நியாயம் கேட்டது. சுவர் இடிந்தது. உடனே சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இந்தக் கலகம் நடந்து இருநூற்றெண்பது வருசமாகிறது. அப்போதே கேட்டவர்கள் நாம். எவரும் வந்து சொல்லிக் கொடுத்துக் கேட்டது இல்லை.

கத்தோலிக்கர் கதை மட்டும் இப்படி என்று புரோட்டஸ்டண்ட் நண்பர்கள் நிம்மதிப்பட வேண்டாம். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதியை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் எதிர்த்து நின்ற வெள்ளாளக் கிறித்தவர்களின் குரல் வேதநாயக சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர் அவர்தான். பெத்லகேமைப் பாடிய வாயே, தேவாலயத்தில் தனித்தனியே உட்காரும் வழக்கத்துக்கும் வக்காலத்து வாங்கியது. மாட்டுத்தொட்டியைப் பாடுவது சுலபம். மாட்டுத்தொட்டிக்காரன் பக்கத்தில் பாய் விரித்து உட்காருவதுதான் கஷ்டம்.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். அப்படியானால் எறையூருக்கு வாருங்கள்.

உளுந்தூர்பேட்டைக்கு அருகில் உள்ள எறையூர், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிவதற்கு முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. புதுச்சேரி-கடலூர் உயர்மறை மாவட்டத்தின் பெரிய பழைய பங்குகளில் ஒன்று. செபமாலை மாதா கோயில் ஓங்கி நிற்கும். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் உட்காரும் இடம் தனி, பிணம் தூக்கும் வண்டி தனி, கல்லறை தனி. ஊரின் பெரிய தெரு வழியாக நம்மவர் பிணமோ கல்யாண ஊர்வலமோ கோயிலுக்குப் போக முடியாது. எங்கள் தெருவில் உள்ள சகாயமாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவியுங்கள், எங்களுக்கு ஒரு சாமியாரைக் கொடுங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் நம்மவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று தலித் தெரு தாக்கப்பட்டது, வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள்.

செத்த இரண்டு பேரும் தலித்துகள் அல்ல, வன்னியக் கிறித்தவர்கள். இதை நாம் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. அந்த இரண்டு வீட்டிலும் ஒரு தாய் அழுதாள். நாம் கேட்பது ஒன்றுதான். அந்த இருவரும் எதற்காகச் செத்தார்கள்? தங்களைவிடக் கீழே ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கைக்காக. அவர்களும் உழைக்கிற சனம்தான், மேலே இருக்கிறவன் அவர்களையும் மிதிக்கிறான். ஆனாலும் கீழே மிதிக்க ஒரு தலை வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டிய குடில், வருசம் தவறாமல் அந்த ஊரில் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. குழந்தை இயேசு வைக்கோலில் கிடந்தார். யாரும் இறங்கி வரவில்லை.

எறையூரைப் பேசும்போது விழுப்புரத்தைப் பேசாமல் முடியுமா? 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியைச் சூழ்ந்து 12 தலித்துகளைக் கொன்றார்கள். அங்கே பிரச்சனை மாதாவா மாரியம்மாவா என்பது இல்லை. 2023 ஜூன் 7 அன்று விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள், தலித்துகள் உள்ளே போகக்கூடாது என்று தடுத்ததால் வந்த வினை. எறையூர் மாதாவும் மேல்பாதி அம்மனும் வேறு வேறு மதம். தெரு ஒன்றுதான். சாமி மாறினால் தெரு மாறிவிடும் என்று நம்பித்தான் நம்ம பாட்டன்மார்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். தெரு மாறவில்லை. 'மதம் மாறியாச்சே, இன்னும் என்ன சாதி?' என்று கேட்கிறவர்கள் நமது தெருமுனையில் வந்து நின்று கேட்கட்டும்.

அப்படிக் கேட்கிறவர்களில் பெரிய ஆள் அரசாங்கம். 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியே.

சூசை என்று ஒருவர். யோசேப்புக்குத் தமிழில் சூசை என்று பேர். சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாக பங்க் கடை கொடுக்கிற அரசுத் திட்டம் வந்தது. ஆதிதிராவிடரில் பிறந்தவர்தான், ஆனால் கிறித்தவராகிவிட்டார், எனவே கிடையாது என்றுவிட்டார்கள். உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-ல் தீர்ப்பாயிற்று. ஊசியும் வாரும் கையில், வெயில் தலையில், ஆதாரம் போதவில்லை! பெத்லகேமில் ஒரு சூசைக்கு விருந்தறையில் இடமில்லை. சென்னையில் இன்னொரு சூசைக்குப் பெட்டிக்கடை அளவு இடமும் இல்லை.

2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. அறிக்கை அலமாரியில் தூங்கியது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். போட்டுவிட்டுத் தவணை நீட்டினார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

லூக்காவின் கதை தொடங்குவது ஒரு சென்சஸில். பேரரசன் ஆணையிடுகிறான், எல்லாரும் பேர் எழுதப் போகிறார்கள், நிறைமாசக்காரி நடந்து போகிறாள். நம்ம நாட்டிலும் 2027-க்கான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எழுதுவது என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. எழுதுகிறவர் காலனிக்கு வரும்போது நம்மவர் என்ன சொல்வார்? ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பேர், பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ஒரு பேர். வீட்டுக்குள் மாதா படம், ரேசன் கார்டில் வேறு கதை. மதத்தைச் சொன்னால் சாதிச் சான்று போகும், சாதியைச் சொன்னால் மதம் பொய்யாகும். பிள்ளையின் படிப்புக்காகக் கடவுளை மறைத்து வைக்கிற தாய்தகப்பனைப் பார்த்துத்தான் 'மோசடி' என்கிறார்கள். சொந்தப் பேரை ஒளித்து வைக்கும்படி ஒரு சனத்தைத் தள்ளியது யாருடைய மோசடி?

இந்த இடத்தில் தலித் இறையியல் பேசியவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். சென்னை குருகுலத்தில் இருந்த அரவிந்த் நிர்மல், தலித்துகளின் கடவுள் ஏவல் செய்கிற கடவுள், துணி வெளுக்கிற, மலம் அள்ளுகிற கடவுள் என்றார். அது பெரிய கலகக் குரல். ஆனாலும் நமக்குள் ஒரு சந்தேகம் உண்டு, அதைச் சொல்லிவிடுவது நல்லது. கடவுளே மலம் அள்ளுகிறார் என்று சொல்லிச் சொல்லி, மலம் அள்ளும் வேலைக்கு ஒரு தெய்வீகம் ஏற்றிவிடக் கூடாது. கடவுள் அந்தக் குழிக்குள் இறங்கினார் என்றால், அங்கே கிடக்கிறவனை வெளியே தூக்க இறங்கினார். கூடவே கிடக்க இறங்கியிருந்தால் அவர் நமக்கு வேண்டாம். மதுரை அரசரடியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம 'பரட்டை', வேறு வழியில் யோசித்தார். ஒரே உலை வைப்போம், எல்லாரும் சேர்ந்து பொங்கித் தின்போம், அதுதான் நற்கருணை என்றார். தாழ்மை பற்றி ஆயிரம் பிரசங்கத்தைவிட அந்த ஒரே உலை நமக்குப் பெரிது. உலையில் மேல் கீழ் கிடையாது, கொதிப்பு மட்டும்தான்.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருவோம். 'எங்களுக்குக் கீழ எடம் எங்க இருக்குது?'

இருக்கிறது ஆயா. சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் இருக்கிறது.

1994-ல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணாத்தியின் கதை. அவள் துணி வெளுப்பது யாருக்கு? நமக்கு. பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடிவந்து நின்று, ராத்திரி வீடு வீடாகச் சோறு வாங்கித் தின்கிறவள். அவள் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். அந்த நாவல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது, நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று. முப்பது வருசம் கழித்து ஆறிய மனசோடு யோசிப்போம். ஊர்த்தெரு நம்மைப் பார்த்த பார்வையிலேயே நாம் ஆரோக்கியத்தைப் பார்க்கவில்லையா? காலனிக்கு ஓரத்தில், ஏரிக்கரையில் குந்தியிருக்கிற இருளர் வீட்டில் கை நனைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1992-ல் பாமா 'கருக்கு' எழுதி, தலித் பெண் சபைக்குள்ளும் தெருவுக்குள்ளும் படுகிற பாட்டைப் போட்டு உடைத்தார். கூட்டம் போட்டு விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து 'தண்ணி கொண்டாடி' என்று அதட்டுகிற தோழர்களே, உங்களுக்கும் கீழே ஒருத்தியை வைத்திருக்கிறீர்கள்.

ஆக, தாழ்மைப் பிரசங்கம் நமக்கு முழுக்கப் பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. எங்கே நாம் தாழ்த்தப்பட்டவர்களோ அங்கே நமக்குத் தாழ்மை வேண்டாம், நிமிர்வு வேண்டும். எங்கே நாம் யாரையாவது தாழ்த்துகிறோமோ அங்கே நாம் இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பாமல் இருப்பதுதான் அரசியல். பங்குசாமியார்கள் முதலாவதில் பொய் சொல்கிறார்கள். நாம் இரண்டாவதில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்வது? பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. இந்தப் பண்டிகைக் காலத்தில் செய்யக்கூடிய சில காரியங்கள்.

உங்கள் பங்கில் எத்தனை கல்லறை, எத்தனை பிணவண்டி, பங்குப் பேரவையில் நம்மவர் எத்தனை பேர், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று மாணவர்கள் நோட்டுப் போட்டு எழுதுங்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் ஒன்று மட்டுமே பேர் வாங்கியிருக்கிறது, பேர் வாங்காத சுவர்கள் எத்தனையோ. எழுதியதை ஆயரிடம் நேரில் கொடுங்கள். 2016-ல் அவர்களே ஒப்புக்கொண்டு எழுதிய கொள்கை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சாதி பார்ப்பது பாவம் என்று அவர்களே எழுதியது அதில் இருக்கிறது.

ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிப்பதோடு நிறுத்தாமல், மூன்றாம் பத்தி விவகாரத்தைக் கிறித்தவரல்லாத தலித் அமைப்புகளின் மேடைக்கும் கொண்டுபோக வேண்டும். 'அவங்க வந்தா நம்ம பங்கு குறையும்' என்கிற பயத்தை மூடி மறைக்காமல் உட்கார்ந்து பேச வேண்டும். ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்து உயர்த்தக் கேட்பதுதான் அதற்குப் பதில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைச் சர்டிபிகேட்டை வைத்துப் பிரித்தது அவர்கள். நாமும் அதற்குத் துணைபோகக் கூடாது.

கடைசியாக, காலனியில் ஒரே உலை வைத்து, வண்ணார் வீட்டையும் இருளர் வீட்டையும் அழைத்து, முதல் இலை அவர்களுக்குப் போட்டு, ஆம்பிளைகள் பரிமாறி, பொம்பளைகள் உட்கார்ந்து சாப்பிடுவது. சின்ன விசயம் போலத் தெரியும். செய்து பாருங்கள், எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள் என்று. புரட்சி எங்கே முட்டி நிற்கிறது என்று அப்போது தெரியும்.

பெத்லகேமில் இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது. அதன் வாசல் நாலடி உயரம்தான். குதிரை மேலும் வண்டியோடும் ஆட்கள் உள்ளே புகுந்துவிடாமல் இருக்க, முன்னொரு காலத்தில் பெரிய வாசலை அடைத்துச் சின்னதாக்கினார்களாம். 'தாழ்மையின் வாசல்' என்று பேர். ராசாவானாலும் குனியாமல் உள்ளே போக முடியாது. அந்த ஊரைச் சுற்றியும் இன்று ஒரு நீண்ட சுவர் எழுந்து நிற்கிறது, பாலஸ்தீனர்களை அடைத்து வைக்க. 2023 கிறிஸ்துமசுக்கு அந்த ஊர் லுத்தரன் கோயிலில் குழந்தையை வைக்கோலில் கிடத்தவில்லை. காஸாவை நினைத்து, இடிபாட்டுக் கற்குவியலுக்கு நடுவே கிடத்தினார்கள். கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்ம குடிசை வாசலும் நாலடிதான். ஓலை தலையில் இடிக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். நாம் பிறந்த நாளிலிருந்து குனிந்து நுழைந்து, குனிந்து வெளியேறியவர்கள். அந்த வாசல் நமக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளும் அந்த வாசலுக்குள் குனியாதவர்கள் இருக்கிறார்கள். ஊரார், உபதேசியார், சாமியார், ஆயர், அதிகாரி. நட்சத்திரம் எங்கள் வாசலில்தான் தொங்குகிறது. குனிந்து உள்ளே வரட்டும். ஒரு வாய்க் கஞ்சி தருகிறோம்.

நாம் நிமிர்ந்து உட்கார்ந்து பரிமாறுவோம்.

ஆசிரியர் குழு